ஈறுகள் மீது ஏற்றிய பழி

பல் மருத்துவமனைகளின் வரவேற்பறையில் இப்போதெல்லாம் ஒரு படம் அடிக்கடி கண்ணில் படுகிறது. இடப்பக்கம் சிவந்து வீங்கிய ஈறு, வலப்பக்கம் மூளை, நடுவே ஓர் அம்புக்குறி. பற்பசை விளம்பரங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களும் அதே அம்புக்குறியைத்தான் வெவ்வேறு சொற்களில் வரைகின்றன. ஈறு கெட்டால் பக்கவாதம் வரும். ஈறைக் காத்துக்கொண்டால் பக்கவாதம் வராது.

முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதியை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால், முதல் பாதிக்கு இருக்கும் மதிப்பு முழுவதும் இரண்டாம் பாதிக்கும் சேர்ந்து கிடைத்துவிடுகிறது. வேறு நோயாக இருந்தால் இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. பக்கவாதம் அப்படிப்பட்ட நோய் அல்ல. சம்பாதித்துக்கொண்டிருந்த ஒருவர் காலையில் எழுந்திருக்கும்போது வாய் கோணி, கை தொங்கி, பேச்சு குழறிக் கிடப்பார். அவரைத் தூக்கி உட்காரவைக்க வீட்டில் இன்னொருவர் வேலையை விட வேண்டியிருக்கும். இப்படி ஒரு நோயைத் தடுக்கும் வழி என்று மக்களுக்குச் சொல்லப்படுவது சோதித்துப் பார்த்ததாக இருக்க வேண்டும்.

ஈறு நோய்க்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு இருப்பதை மறுக்க முடியாது. 1989-இல் பின்லாந்து ஆய்வாளர்கள், மூளையில் ரத்த அடைப்பு ஏற்பட்ட 40 ஆண்களின் வாயையும் நலமாக இருந்த 40 பேரின் வாயையும் ஒப்பிட்டார்கள். பக்கவாதம் வந்தவர்களிடம் பல், ஈறு தொற்றுகள் கூடுதலாக இருந்தன. அதே ஆண்டில் அதே நாட்டில் மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த இன்னோர் ஆய்வும் இதையே சொன்னது. 2000-இல் அமெரிக்காவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் இருந்த 9,962 பேரின் தகவல்களை அலசியபோது, கடுமையான ஈறு நோய் உள்ளவர்களுக்கு ரத்த அடைப்பால் வரும் பக்கவாதம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. 2018-இல் தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் சௌவிக் சென்னும் அவருடைய குழுவும் 6,736 பேரைப் பற்றிய 15 ஆண்டுத் தகவல்களை வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் 299 பேருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. அங்கேயும் ஈறு நோய் உள்ளவர்கள் பக்கமே எண்ணிக்கை சாய்ந்திருந்தது.

அது எப்படி நேரக்கூடும் என்பதற்கும் விளக்கம் உண்டு. பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் காரை படிந்து, ஈறு பல்லை விட்டு விலகி, ஒரு பை உருவாகிறது. அந்தப் பைக்குள் கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. மெல்லும்போதும் துலக்கும்போதும் கொஞ்சம் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. உடல் அதற்கு எதிராக எப்போதும் சண்டைக் கோலத்தில் இருக்கிறது. அழற்சியைக் காட்டும் புரதங்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. ரத்தக் குழாயின் உட்சுவர் கெடுகிறது. இவ்வளவும் நடக்கக்கூடியதுதான்.

நடக்கக்கூடியது என்பதற்கும் நடந்தது என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் அந்த அம்புக்குறி ஒரே தாவலில் கடந்துவிடுகிறது.

மழை வருமுன் தவளை கத்தும். இதைக் கவனித்த கிராமத்தார் தவளைச் சத்தத்தை வைத்து மழையைக் கணித்தார்கள். பல நாள் சரியாகவே இருந்தது. ஆனால் குளத்துத் தவளைகளை எல்லாம் பிடித்து அடுத்த ஊரில் விட்டுவிட்டால் மழை நின்றுவிடும் என்று எந்த விவசாயியும் நினைத்ததில்லை. தவளையும் மழையும் காற்றில் ஏறிய ஒரே ஈரத்துக்குக் கட்டுப்பட்டவை என்பது அவருக்குத் தெரியும்.

ஈறு நோய்க்கும் பக்கவாதத்துக்கும் பொதுவான அந்த ஈரம் எது என்று தேடினால் முதலில் அகப்படுவது புகையிலை. 2016-17-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்தோரில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவத்தில் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். பீடி, சிகரெட்டின் புகை ஈறுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது, எலும்பைக் கரைக்கிறது. அதே புகை மூளைக்குப் போகும் தமனிகளையும் கெடுக்கிறது. கன்னத்தில் அதக்கும் புகையிலை, அதக்கிய இடத்தில் ஈறை அரித்துக் கீழே இறக்குகிறது. புகைப்பவர்களிடம் இன்னொரு விபரீதமும் உண்டு. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் அவர்களுடைய ஈறில் ரத்தம் குறைவாகவே கசியும். நோய் முற்றியிருக்கும், வெளியே தெரியாது. ‘ரத்தம் வரவில்லை, என் ஈறு நன்றாகத்தான் இருக்கிறது’ என்று நம்பிக்கொண்டிருப்பவர் பலநேரம் நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிப்பவராக இருப்பார்.

இரண்டாவது, சுகர். நீரிழிவு நோயாளிக்கு ஈறு நோய் அதிகம் வரும், வேகமாக முற்றும். பல் ஈறு ஆய்வின் முன்னோடியான ஹரால்டு லோ 1993-இல் ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று பெயரிட்டது இதனால்தான். அதே நீரிழிவு பக்கவாதத்தையும் கூட்டுகிறது. 2023-இல் சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்தி வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. இவர்களில் ஒருவருக்குப் பல் ஆடி, பிறகு பக்கவாதமும் வந்தால், பல் ஆடியதால் பக்கவாதம் வந்தது என்று சொல்வது வழக்கைத் தவறான ஆள்மேல் போடுவதாகும்.

மூன்றாவதைப் பற்றிப் பேசப் பலரும் கூச்சப்படுகிறார்கள். அது வறுமை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைச் சுத்தம் செய்துகொள்ளப் போகிறவர் யார்? கையில் காசும் நேரமும் இருப்பவர். பிரஷர் மாத்திரையை விடாமல் போடுபவரும், நடைப்பயிற்சி போகிறவரும், நெஞ்சு கனத்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்ப்பவரும் அநேகமாக அவர்தான். 2018 ஆய்வில், முறையாகப் பல் மருத்துவரிடம் போனவர்களுக்குப் பக்கவாதம் 23 சதவீதம் குறைவாக இருந்ததாகக் கண்டார்கள். அந்த 23 சதவீதத்தில் பல் மருத்துவரின் பங்கு எவ்வளவு, மற்ற எல்லாவற்றின் பங்கு எவ்வளவு? கல்வி, வருமானம், புகை என்று தெரிந்தவற்றையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்த்ததாக ஆய்வாளர்கள் சொல்வார்கள். கழிக்க முடிந்தது அளக்க முடிந்தவற்றை மட்டும். ஒருவர் வாழ்நாள் முழுக்கத் தன் உடலை எப்படி நடத்தினார் என்பதற்கு அளவுகோல் கிடையாது.

இந்தக் குழியில் மருத்துவம் முன்பே ஒருமுறை விழுந்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டால் இதயமும் ரத்தக் குழாயும் நலமாக இருக்கும் என்று ஆண்டுக்கணக்கில் ஆய்வுகள் சொல்லி வந்தன. அந்த மாத்திரையை வாங்கியவர்கள் பெரும்பாலும் வசதியும் உடல்நல அக்கறையும் உள்ள பெண்கள் என்பது பிறகுதான் உறைத்தது. அமெரிக்காவில் 16,608 பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதுபோல இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்கு ஹார்மோனும் மற்றதற்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் சோதனையை இடையிலேயே நிறுத்த வேண்டி வந்தது. ஹார்மோன் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் 41 சதவீதம் கூடியிருந்தது. ஆய்வுகள் காட்டிய திசைக்கு நேர் எதிரான முடிவு.

ஈறு விஷயத்திலும், வாழ்க்கை நிலை ஒன்றாக இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகிறது? அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு இதற்கு ஒரு பதில் தருகிறது. எல்லோரும் மருத்துவர்கள், வருமானத்திலும் அறிவிலும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. தங்களுக்கு ஈறு நோய் இருப்பதாகச் சொன்னவர்களுக்கும் இல்லையென்றவர்களுக்கும் இடையே, மற்ற காரணங்களைக் கழித்த பிறகு, பக்கவாதத்தில் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் மிஞ்சவில்லை. அவர்கள் தாங்களே சொன்னதை வைத்து நடந்த ஆய்வு என்ற குறை இதற்கு உண்டு. ஆனாலும் நலவாழ்வுப் பக்கங்கள் பின்லாந்து ஆய்வைப் பத்து முறை சொன்னால், இதையும் ஒருமுறையாவது சொல்ல வேண்டாமா?

ஈறு நோய் அழுக்கின் நேரடி விளைவு என்ற எண்ணமும் முழு உண்மை அல்ல. அதை உலகுக்குக் காட்டியவர்கள் இலங்கை மலையகத்துத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். 1970-இல் லோவின் குழு, டன்சினேன், ஹாரோ தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண்களின் வாயைப் பரிசோதித்தது. பல் துலக்கும் வழக்கமோ, பல் மருத்துவரோ அவர்கள் வாழ்க்கையில் இருந்ததில்லை. எல்லோர் பல்லிலும் காரை. 15 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 8 சதவீதம் பேருக்கு நோய் காட்டுத்தீயாகப் பரவி இளவயதிலேயே பற்கள் விழுந்தன. 81 சதவீதம் பேருக்கு மெல்ல முற்றியது. மீதி 11 சதவீதம் பேருக்கு, அதே காரை, அதே கிருமி, அதே தோட்டக் குடியிருப்பு வாழ்க்கை இருந்தும், ஈறு சிவந்ததோடு நின்றுவிட்டது. கிருமி ஒன்றுதான், அதற்கு உடல் கொடுக்கும் பதில் ஆளுக்கு ஆள் வேறு.

இது நம் வழக்கில் ஒரு முக்கியமான சாட்சியம். எளிதில் கொதித்தெழும் உடல்வாகு ஒருவருக்கு இருந்தால் அது ஈறையும் அரிக்கலாம், தமனியையும் அரிக்கலாம். இரண்டும் ஒரே வீட்டில் பிறந்த உடன்பிறப்புகளாக இருக்கலாம். ஒன்று மற்றதைப் பெற்றதாக இருக்க வேண்டியதில்லை. அப்படியென்றால் ஈறுக்குப் பண்டுவம் பார்த்தாலும் தமனியின் கணக்கு அப்படியே இருக்கும்.

வாய்தான் எல்லா நோய்க்கும் வாசல் என்ற எண்ணம் புதிதாக வந்ததல்ல. நூற்றாண்டுக்கு முன் அது மேலை மருத்துவத்தையே ஆட்டிப் படைத்தது. அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1910-இல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். கெட்ட பற்களின் மேல் கட்டிய தங்க வேலைப்பாடுகளுக்கு அடியில் சீழ் குடியிருக்கிறது, அதுதான் உடலெங்கும் நோய் பரப்புகிறது என்று சாடினார். சிகாகோவில் ஃபிராங்க் பில்லிங்ஸ் போன்ற பெரிய மருத்துவர்கள் இந்தக் கருத்தை வளர்த்தெடுத்தார்கள். மூட்டுவலியா, பல்லைப் பிடுங்கு. வயிற்றுப் புண்ணா, பல்லைப் பிடுங்கு. நியூ ஜெர்சி மாநிலத்தின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் தலைமை மருத்துவராக இருந்த ஹென்றி காட்டன் இதன் எல்லை வரை போனார். மனநோய்க்குக் காரணம் பல்லில் ஒளிந்த தொற்றே என்று நம்பி, நோயாளிகளின் பற்களை ஆயிரக்கணக்கில் பிடுங்கினார். குணமாகாதபோது டான்சிலை எடுத்தார். அதற்கும் குணமாகாதபோது குடலை வெட்டினார். பலர் செத்தார்கள். அவர் வஞ்சகர் அல்லர். தன் பற்களையும் தன் பிள்ளைகளின் பற்களையும்கூடப் பிடுங்க வைத்தார். அவ்வளவு உறுதியாக நம்பினார் என்பதுதான் இதில் நடுங்க வைக்கும் செய்தி.

அந்த அலை அடங்கக் காரணமானவர்களில் ஒருவர் ரஸ்ஸல் செசில். அவரும் தொடக்கத்தில் இதை ஏற்றவர்தான். 1938-இல் டி. மர்ரே ஆஞ்சவைனுடன் சேர்ந்து 200 முடக்குவாத நோயாளிகளின் கதையைக் கணக்கெடுத்தார். பல் பிடுங்கிய 52 பேரில் 47 பேருக்கு எந்தப் பயனும் கிடைத்திருக்கவில்லை. கணக்குப் பார்த்தவுடன் கொள்கை சரிந்தது. அதற்குள் எத்தனை லட்சம் நல்ல பற்கள் போயின என்பதற்குக் கணக்கே இல்லை.

இன்றைய பல் மருத்துவர்கள் யாரையும் காட்டனோடு ஒப்பிடுவது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல; அவர்கள் பல்லைக் காப்பாற்றச் சொல்கிறார்கள், பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் வாதத்தின் எலும்புக்கூடு அதேதான். வாயில் கிருமி இருக்கிறது, தூரத்து உறுப்பில் நோய் இருக்கிறது, ஆகவே வாயைச் சரிசெய்தால் உறுப்பு சரியாகும். நடுவில் இருக்க வேண்டிய சோதனை அன்று இல்லை.

இன்று அந்தச் சோதனை ஒன்று நடந்திருக்கிறது. நடத்தியவர் வேறு யாருமல்லர், தொடர்பைக் கண்டு சொன்ன அதே சௌவிக் சென். தன் கண்டுபிடிப்பைத் தானே உரசிப் பார்க்கத் துணிந்த அவருடைய நேர்மையைப் பாராட்ட வேண்டும். பக்கவாதமோ அதன் முன்னறிவிப்பான சிறு தாக்குதலோ அண்மையில் வந்து, ஈறு நோயும் உள்ள 280 பேரை இரு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு வழக்கமான பல் சுத்தம். இன்னோர் அணிக்கு ஈறுக்கடியில் ஆழமாகச் சுத்தம், மருந்து, கெட்டுப்போன பற்களை அகற்றுதல் என்று தீவிரப் பண்டுவம். ஓராண்டில் புதிதாகப் பக்கவாதம், மாரடைப்பு, மரணம் எத்தனை என்று எண்ணினார்கள். 2023-இல் முடிவு வெளியானது. தீவிரப் பண்டுவ அணியில் எண்ணிக்கை சற்றுக் குறைவுதான். ஆனால் அந்த வேறுபாடு தற்செயலாகவே வந்திருக்கலாம் என்னும் அளவுக்குச் சிறியது. புள்ளியியல் கணக்கில் வெற்றி என்று சொல்ல முடியவில்லை.

இரண்டு அணிக்குமே ஏதோ பண்டுவம் கிடைத்தது, ஆள்களும் குறைவு, ஓராண்டு போதாது என்று ஈறு தரப்பினர் சொல்கிறார்கள். அத்தனையும் நியாயமே. ஆனால் அதன் பொருள் என்ன? பயன் உண்டு என்று நிரூபணமாகவில்லை என்பதுதான். அதே வாயால் அம்புக்குறிப் படத்தையும் ஆதரிக்க முடியாது.

அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் பல் மருத்துவர் பீட்டர் லாக்ஹார்ட், இதய மருத்துவர் ஆன் போல்ஜர் முதலியோரைக் கொண்டு எல்லா ஆய்வுகளையும் அலசியது. தொடர்பு உண்டு, அது காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஈறு பண்டுவம் ரத்தக்குழாய் நோயைத் தடுக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை என்றது அந்தக் குழு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2022-இல் புதுப்பிக்கப்பட்டபோதும் நம்பத்தக்க ஆதாரம் போதாது என்றே முடித்தது.

ஆனால் கிருமியையே கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. இதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். 2000-இல் கழுத்துத் தமனியிலிருந்து வெட்டியெடுத்த 50 கொழுப்புப் படிவுகளில் 44 சதவீதத்தில் ஈறு நோய்க் கிருமிகளின் மரபணுத் தடயம் கிடைத்தது. 2019-இல் பின்லாந்தின் டம்பெரே நகர ஆய்வாளர்கள், பக்கவாதம் வந்த 75 பேரின் மூளைத் தமனியிலிருந்து உறிஞ்சியெடுத்த ரத்தக் கட்டிகளில் 79 சதவீதத்தில் வாய்க் கிருமிகளின் மரபணுவைக் கண்டார்கள். படிக்கும்போது உடல் சிலிர்க்கத்தான் செய்கிறது.

தீ விபத்து நடந்த இடத்தில் நின்றவரெல்லாம் தீ வைத்தவர் ஆகிவிட மாட்டார். ரத்தத்தில் மிதந்து வந்த கிருமி, ஏற்கெனவே கெட்டுப் பிசுபிசுத்த சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இந்த ஐயம் வெறும் ஊகம் அல்ல; இதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1988-இல், மீண்டும் பின்லாந்தில்தான், கிளமீடியா நிமோனியே என்னும் சுவாசக் கிருமிக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு கண்டார்கள். பிறகு அந்தக் கிருமியைத் தமனிப் படிவுகளுக்குள்ளேயே கண்டார்கள். இதய நோய்க்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கை பரவியது. சோதித்துப் பார்த்தார்கள். 4,012 பேருக்கு நடந்த சோதனையில் ஓராண்டு முழுக்க வாரம் ஒரு அசித்ரோமைசின். 4,162 பேருக்கு நடந்த இன்னொரு சோதனையில் காட்டிஃப்ளாக்சசின். இரண்டின் முடிவும் 2005-இல் வெளிவந்தது. ஒரு மாரடைப்புகூடக் குறையவில்லை என்று சொல்லும்படியான முடிவு. கிருமி அங்கே இருந்தது உண்மை. அதைக் கொன்றதால் நோயாளிக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆழமாக ஈறைச் சுத்தம் செய்வது உடலுக்கு ஒரு சிறு அதிர்ச்சி. 2007-இல் 120 பேரிடம் நடந்த சோதனையில், பண்டுவம் முடிந்த மறுநாள் ரத்தக் குழாய்களின் விரியும் திறன் குறைந்தது. ஆறு மாதத்தில் முன்னைவிட நன்றாக மேம்பட்டது. 2010-இல் அமெரிக்க நோயாளிப் பதிவுகளை ஆராய்ந்தபோது, பல் பிடுங்குதல் போன்ற வேலைக்குப் பிந்தைய முதல் நான்கு வாரங்களில் மாரடைப்பும் பக்கவாதமும் சேர்ந்து ஒன்றரை மடங்காகி, ஆறு மாதத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது தெரிந்தது. இதைக் கேட்டு யாரும் பல் மருத்துவரிடம் போகாமல் இருக்கக் கூடாது. ஒருவருக்கு அந்த ஆபத்து மிகமிகச் சிறியது. ஆனால் ‘ஈறைச் சுத்தம் செய், மூளை பிழைக்கும்’ என்ற ஒற்றை வரிக்குள் இந்தச் சிக்கல்கள் அடங்காது.

வாயிலிருந்து மூளைக்குச் சந்தேகத்துக்கு இடமின்றிப் போகும் பாதை ஒன்று உண்மையிலேயே உண்டு. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்கள், வால்வில் தொற்று முன்பே ஒருமுறை வந்தவர்கள் ஆகியோருக்கு வாய்க் கிருமி வால்வில் போய் ஒட்டிக் கூடு கட்டும். அந்தக் கூட்டின் துணுக்கு உடைந்து ரத்தத்தோடு மூளைக்குப் போனால் பக்கவாதம். இங்கே காரணமும் விளைவும் கண்ணெதிரே நிற்கின்றன. சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டு, பிறகு வால்வு மாற்றிக்கொண்டவர்கள் நம் நாட்டில் ஏராளம். பல் பிடுங்குமுன் ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும் என்பதையும், வாயை அன்றாடம் சுத்தமாக வைப்பது உயிர் காக்கும் வேலை என்பதையும் இவர்களிடம்தான் உரக்கச் சொல்ல வேண்டும். எல்லோரையும் பயமுறுத்தும் படத்தில் இவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

இதைவிடவும் அடிக்கடி நடக்கும் இன்னொரு விபத்து பல் மருத்துவ நாற்காலியைச் சுற்றியே இருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையில் இருப்பார். ஈறில் ரத்தம் கசிந்தால் பயந்துபோய் அவராகவே மாத்திரையை நிறுத்திவிடுவார். அல்லது பல் பிடுங்க வேண்டும் என்றதும் ‘ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு வாங்க’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 309 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பிரினை நிறுத்தியவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 3.4 மடங்கு கூடியிருந்தது. ஒரு பல்லைப் பிடுங்கினால் வரும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். மூளைத் தமனியில் போய் அடைத்த கட்டியை அப்படி எடுக்க முடியாது. சாதாரணமாகப் பல் பிடுங்குவதற்கு ஆஸ்பிரினை நிறுத்த வேண்டியதில்லை என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை. வரவேற்பறைச் சுவரில் எழுதிவைக்கத் தகுந்த செய்தி இதுதான்.

பிரஷருக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் ஆம்லோடிபின் மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். ஈறு வீங்கிவிட்டதே, பக்கவாதத்துக்கு அறிகுறியோ என்று அஞ்சி அந்த மாத்திரையையே நிறுத்துகிறவர், தன்னைப் பக்கவாதத்திலிருந்து காத்துக்கொண்டிருந்த ஒரே வேலியைத் தன் கையாலேயே பிடுங்குகிறார். மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றிக்கொடுப்பார். அவ்வளவுதான் வேலை.

பக்கவாதம் எதனால் வருகிறது என்பது மர்மம் ஒன்றும் அல்ல. 32 நாடுகளில் 13,447 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வு பத்துக் காரணங்களைப் பட்டியலிட்டது. அந்தப் பத்தும் சேர்ந்தால் பக்கவாதங்களில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்குக் கணக்கு நேராகிறது. ரத்தக் கொதிப்பின் பங்கு மட்டும் பாதிக்கு அருகில். மீதியில் புகை, சுகர், தொப்பை, மது, உடலுழைப்பின்மை, இதயக் கோளாறு, மனச்சுமை, உணவு, கொழுப்பு. மூளையில் ரத்தக் குழாய் வெடித்து வரும் பக்கவாதத்தில் கொதிப்பின் கை இன்னும் ஓங்கியிருக்கிறது. ஈறு ஆய்வுகளோ பெரும்பாலும் அடைப்பால் வரும் பக்கவாதத்தைப் பற்றியவை. வெடிப்பால் வருவதைப் பற்றி அவற்றிடம் சொல்ல அதிகம் இல்லை.

கொதிப்பைக் குறைத்தால் பக்கவாதம் குறையும் என்பது படம் வரைந்து காட்டிய செய்தி அல்ல, சோதித்து அறிந்தது. 1991-இல் வெளியான ஒரு சோதனையில் 60 வயது கடந்த 4,736 பேருக்கு முதலில் கொடுக்கப்பட்டது குளோர்தாலிடோன் என்னும் மலிவான பழைய மாத்திரை. ஐந்தாண்டில் மருந்தில்லாதவர்களில் நூற்றுக்கு 8.2 பேருக்குப் பக்கவாதம் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 5.2 பேருக்கு. மூன்றில் ஒன்றுக்கு மேல் குறைவு. 2016-இல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்களைத் திரட்டிப் பார்த்தபோது, மேல் அளவு பிரஷர் 10 புள்ளி குறைந்தால் பக்கவாதம் 27 சதவீதம் குறைவது உறுதியானது. ஈறுக்கு இப்படி ஒரு கணக்கைக் காட்ட இன்று யாராலும் முடியாது.

இனி நம் ஊர் நிலைமை. 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பில் வயதுவந்தோரில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் கொதிப்பைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர் அளவில்தான். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டம் தொடங்கப்பட்டதும், வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டி வந்ததும் இந்த நிலைமையால்தான். கொதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 93 பேரின் தலைமாட்டில் தீ எரிந்துகொண்டிருக்கும்போது, மக்களின் கவனத்தையும் பயத்தையும் பணத்தையும் மவுத்வாஷ் பக்கம் திருப்புவது பொறுப்பற்ற செயல். மனிதனுக்குப் பயப்படும் திறன் அளவானது. பிரஷர் பார்த்துக்கொள்ளாமல் வாயை மட்டும் கொப்பளித்துவிட்டு நிம்மதியாகப் படுப்பவரை அந்த அம்புக்குறிதான் தூங்க வைக்கிறது.

இதற்கெல்லாம் ஈறை அலட்சியம் செய்யுங்கள் என்று பொருள் இல்லை. ஈறைக் காக்க மூளையைச் சாட்சிக்கு அழைக்க வேண்டிய தேவையே கிடையாது. பல் போனால் சோற்றை மெல்ல முடியாது. கடலை, முறுக்கு, இறைச்சி, பச்சைக் காய்கறி எல்லாம் தட்டை விட்டுப் போகும். வாய் நாற்றத்துக்குப் பயந்து நாலு பேர் நடுவில் பேசக் கூசுவார்கள். இவை போதாதா? 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் லோவும் சகாக்களும் 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோர் ஈறும் சிவந்து வீங்கியது. துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. ஈறுக்குத் துலக்குவதே மருந்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நீரிழிவு நோயாளிக்கு ஈறு பண்டுவம் செய்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏறத்தாழ 0.4 புள்ளி குறைகிறது என்பதும் பல சோதனைகளின் கூட்டு முடிவு. நிரூபணமான இந்த நன்மையை முன்னால் வைத்துப் பேசலாம்.

ஈறு நோய்க்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பைப் பயன்படுத்தும் சரியான வழி ஒன்று இருக்கிறது. நாற்பது வயதில் பல் ஆடுகிறது என்று வருபவர் மருத்துவமனைக்கு வேறு எதற்காகவும் வந்திருக்க மாட்டார். அவருடைய கையில் பிரஷர் கருவியைக் கட்டவும், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சுகர் பார்க்கவும், புகையிலையைப் பற்றி அவரிடம் நாலு வார்த்தை பேசவும் பல் மருத்துவருக்குக் கிடைக்கும் பத்து நிமிடம் வேறு எவருக்கும் கிடைக்காது. பல் மருத்துவமனைகள் இதைச் செய்யத் தொடங்கினால், ஈறைச் சுத்தம் செய்வதால் தடுக்க முடியாத பக்கவாதங்களை அங்கேயே, அதே நாற்காலியிலேயே தடுக்க முடியும்.

வாசகர்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஈறில் ரத்தம் வந்தால் பல் மருத்துவரிடம் போங்கள். போவதற்கு முன் ஒருமுறை பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் போடும் மாத்திரைகளின் பெயரை அவரிடம் சொல்லுங்கள். அவற்றைத் தந்த மருத்துவர் சொல்லாமல் எதையும் நிறுத்தாதீர்கள். வீட்டில் யாருக்காவது வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி, தாக்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது.